டெல்லியிலிருந்து சுமத்தாங், பூகா: வெந்நீர் ஊற்றுப் பக்கம் டென்ட் போட்டுத் தங்குவது எப்படி

வெந்நீர் ஊற்று என்றதும் டெல்லிக்காரர்களுக்கு மணிகரணும் சோஹ்னாவும்தான் ஞாபகம் வரும். கூட்டம் இல்லாமல், டென்ட் போட்டு, கொஞ்சம் நடக்கவும் வேண்டுமானால் லடாக்கின் குளிர்ப் பாலைவனம்தான் சரி. சிந்து நதிக்கரையில் சுமத்தாங், அங்கிருந்து மாஹே பாலம் தாண்டி சும்தோ பக்கம் பூகா பள்ளத்தாக்கு. ஜூன் பின்பாதியிலிருந்து செப்டம்பர் கடைசி வரை போகலாம்.

முதலில் இரவுகளைக் கணக்குப் போடுங்கள், இடங்களை அப்புறம் பார்க்கலாம். கடல் மட்டத்திலிருந்து டெல்லி சுமார் 215 மீட்டர் உயரம், லடாக்கில் விமானம் இறங்கும் லே 3,500. விமானத்தில் ஒன்றரை மணி நேரத்துக்குள் ஏறிவிடுகிறோம்; உடம்பு பின்னால்தான் வந்து சேரும். லேவில் இரண்டு இரவு சும்மா இருங்கள். மூன்றாம் இரவு சுமத்தாங் (ஏறக்குறைய 4,000), நான்காவது பூகா (4,400). தூங்கும் உயரம் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது என்பதால்தான் இந்த வரிசை. லேவிலிருந்து நேராகப் பூகாவுக்கு ஓட்டிப் போய் முதல் இரவே டென்டில் படுத்தால் தலைவலி, வாந்தி நிச்சயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

உயர நோயைத் தடுக்க எடுக்கும் மாத்திரை, டயமாக்ஸ் எனப்படும் அசெட்டசோலமைட், வழக்கமாக 125 மில்லிகிராம், இரண்டு வேளை, கிளம்புவதற்கு முந்தின நாளிலிருந்து. சல்ஃபா அலர்ஜி இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம். விரல் நுனி குறுகுறுக்கும், அடிக்கடி சிறுநீர் வரும். அது மருந்தின் குணம். ஆனால் நேர்கோட்டில் நடக்க முடியவில்லை, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குகிறது என்றால் விடியட்டும் என்று காத்திருக்காமல் கீழே இறங்க வேண்டும். ஆக்ஸிஜன் டப்பா வண்டியில் இறங்கும் நேரத்துக்கு உதவும், அவ்வளவுதான்.

சாமான்: ஸ்லீப்பிங் பேகில் 'கம்ஃபர்ட்' அளவை (வசதியாகத் தூங்கக்கூடிய குளிர்) பாருங்கள், 'லிமிட்' அளவை (தாங்கிக்கொள்ளும் எல்லை) நம்பாதீர்கள். கம்ஃபர்ட் மைனஸ் 5 டிகிரி இருந்தால் ஜூலைக்குப் போதும், செப்டம்பருக்கு மைனஸ் 10. அதைவிட முக்கியம் கீழே போடும் மேட், தரைக் குளிரைத் தடுக்கும் திறனைச் சொல்லும் ஆர்-மதிப்பு 4க்குக் குறையாமல். கேஸ் கேனிஸ்டரை விமானத்தில் விடமாட்டார்கள், தீப்பெட்டி, லைட்டரும் கூடாது. எல்லாம் லேவில் வாங்குங்கள். வெறும் பியூட்டேன் குளிரில் எரியாது, ஐசோபியூட்டேனும் புரோப்பேனும் கலந்தது கேளுங்கள்.

இனி குளியல். பெரும்பாலானவர்கள் தடுமாறும் இடம் இதுதான். இந்த ஊற்றுகளில் இறங்கிக் குளிக்க முடியாது. 4,400 மீட்டரில் தண்ணீர் 85 டிகிரியிலேயே கொதித்துவிடும், ஊற்று வாயில் வருவது கிட்டத்தட்ட அந்தச் சூடு. கால் வைத்தால் தோல் உரியும். மடக்கு பக்கெட், மக், சமையலறை தெர்மாமீட்டர் மூன்றும் கொண்டுபோங்கள். ஊற்றுத் தண்ணீர் 80 டிகிரி, ஆற்றுத் தண்ணீர் 10 டிகிரி என்றால் நான்கு மக் பச்சைத் தண்ணீருக்கு மூன்று மக் வெந்நீர். 40 டிகிரி வரும். பச்சைத் தண்ணீரை முதலில் ஊற்றுங்கள், இல்லாவிட்டால் மடக்கு பக்கெட்டின் அடி இளகும். சிந்துவில் இறங்காமல் கரையிலிருந்தே மொள்ளுங்கள், இழுப்பு அதிகம். சுமத்தாங்கில் ஊற்றுத் தண்ணீரைக் குளியலறைக்குக் கொண்டுவரும் விடுதி கிடைத்தால் அதுவே உத்தமம்.

பத்து நிமிஷத்துக்கு மேல் வேண்டாம். சூட்டில் ரத்தக் குழாய் விரிந்து அழுத்தம் இறங்கும். அந்த உயரத்தில் சட்டென்று எழுந்தால் கண் இருட்டும். வெறும் வயிற்றிலும் வேண்டாம். பூகா தண்ணீரில் போரான் அதிகம், காய்ச்சினாலும் போகாது. குடிக்கவோ சமைக்கவோ அதைத் தொடாதீர்கள். தலைக்கு நாலு லிட்டர் நல்ல தண்ணீர் வண்டியிலேயே இருக்கட்டும்.

டென்டை மதியம் இரண்டு மணிக்குள் போட்டுவிடுங்கள், அப்புறம் காற்று பிடித்துக்கொள்ளும். பூகாவில் வெள்ளையாக, உப்புப் பூத்தது போல் இருக்கும் தரை வெறும் ஓடுதான், கீழே கொதிக்கும் சேறு இருக்கலாம். ஏற்கெனவே தடம் விழுந்த இடத்தில் மட்டும் நடங்கள். உள்ளங்கையைத் தரையில் வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் அங்கே டென்ட் வேண்டாம். அழுகின முட்டை வாடை வந்தால் பள்ளத்தை விட்டு மேட்டுக்குப் போங்கள், அந்த வாயு தாழ்வில் தேங்கும். டென்ட் முளை மண்ணில் நிற்காது, கயிற்றைக் கல்லில் கட்டுங்கள்.

சமையலுக்கு இரண்டு லிட்டர் குக்கர் கட்டாயம். திறந்த பாத்திரத்தில் சோறு வேகவே வேகாது. புழுங்கலை வீட்டில் வைத்துவிட்டுப் பச்சரிசியை அரை மணி ஊறவைத்து, வழக்கத்தைவிட இரண்டு விசில் கூட விடுங்கள். என் ஓட்டு ரவை உப்புமாவுக்கும் பருப்புப் பொடிக்கும்தான்.

நடப்பதற்குப் பள்ளத்தாக்கை ஒட்டியே காலையில் இரண்டு மணி நேரம் போதும். பொலோகொங்கா லா கணவாய் வழியாக த்ஸோ கார் ஏரிக்குப் போகும் பாதை அழகுதான், ஆனால் கணவாய் 4,900 மீட்டருக்கு மேல். பூகாவில் ஒரு இரவு நன்றாகத் தூங்கியவர்கள் மட்டும். சாங்பா மேய்ப்பர்களின் கூடாரங்களைச் சுற்றிப் போங்கள், நாய்கள் சும்மா விடாது.

பின்சேர்க்கை, திரும்பத் திரும்பக் கேட்கப்படுவதால்: டெல்லி ப்ரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு வேண்டும், அதுவும் சுமத்தாங் தாண்டினால் சிக்னலை நம்ப முடியாது. இந்தப் பக்கம் போவதற்கான அனுமதிச் சீட்டு விதிகள் அடிக்கடி மாறுவதால் லேவில் விசாரித்து, நான்கைந்து நகல் எடுத்து ஆதாரோடு வையுங்கள். பணம் எடுப்பதை லேவிலேயே முடித்துவிடுங்கள். டீசலை லேவிலிருந்து வரும் வழியில் காரு என்ற ஊரில் நிரப்பலாம்.