ரத்தம் உறையும் நேரம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று சோதனைக் குழாயில் பார்க்கும் ஏபிடிடி (aPTT) பரிசோதனையில் நேரம் கூடுதலாக வந்தால், ‘இவருக்குக் காயம் பட்டால் ரத்தம் நிற்காது’ என்று பலரும் உடனே முடிவு கட்டிவிடுகிறார்கள். ரத்தக்கட்டி வரக்கூடிய ஆள்களுக்கும் இதே முடிவு வரலாம் என்பதால், இதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தான தவறு.

ஜான் ஹேஜ்மேன் என்ற அமெரிக்க ரயில்வே ஊழியரின் ரத்தம் கண்ணாடிக் குழாயில் உறைய மிக நீண்ட நேரம் எடுத்தது. ஆனால் அவருக்கு ரத்தக்கசிவுத் தொல்லை எதுவும் இருந்ததில்லை. அவரிடம் ஒரு புரதம் குறைவாக இருப்பதை ஆஸ்கார் ராட்னாஃப் என்ற மருத்துவர் 1955-இல் விவரித்தார். ரத்தத்தை உறைய வைக்கும் புரதங்களை ‘ஃபேக்டர்’ என்று எண் கொடுத்து அழைப்பார்கள்; இன்று அதை ஃபேக்டர் 12 என்கிறோம். 1968-இல் இடுப்பெலும்பு முறிந்து படுத்த ஹேஜ்மேன், நுரையீரல் தமனியில் ரத்தக்கட்டி அடைத்து இறந்துபோனார்.

சோதனையில் நேரம் நீண்டும் அவருக்கு ரத்தக்கசிவு இல்லாததற்குக் காரணம் இதுதான். கண்ணாடிப் பரப்பு பட்டதும் ஃபேக்டர் 12 வேலையைத் தொடங்கும். ஏபிடிடி அளப்பது அந்த வழியை. உடலில் காயம் பட்டால் தொடக்கம் வேறு: ரத்தக்குழாய்க்கு வெளியே இருக்கும் திசுக் காரணி, ஃபேக்டர் 7-உடன் சேர்கிறது. அதற்கு ஃபேக்டர் 12-இன் தயவு தேவையில்லை.

லூபஸ் ஆன்டிகோவாகுலன்ட் என்ற எதிர்ப்புரதங்கள் (ஆன்டிபாடி) உள்ளவர்களின் நிலை இதைவிடக் குழப்பமானது. இவை, உறைதலுக்குத் தேவையான பாஸ்போலிப்பிட் என்ற கொழுப்புப் பொருளோடு ஒட்டியிருக்கும் பிளாஸ்மா (ரத்தத்தின் திரவப் பகுதி) புரதங்களைப் பிடித்துக்கொள்கின்றன. சோதனைக் குழாயில் பாஸ்போலிப்பிட் கிடைக்காமல் உறையும் நேரம் நீள்கிறது. அதே ஆளின் உடலிலோ காலில் ரத்தக்கட்டி, பக்கவாதம், அடுத்தடுத்த கருச்சிதைவு வரலாம். இவருக்கு ‘ரத்தம் நிற்காது’ என்று உறைவு தடுக்கும் மருந்தைத் தராமல் விட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். நேரம் ஏன் நீள்கிறது என்று அறிய, நோயாளியின் பிளாஸ்மாவோடு சரிபாதி சாதாரண பிளாஸ்மாவைக் கலந்து மறுபடி பார்ப்பார்கள். நேரம் சரியானால் ஏதோ ஒரு ஃபேக்டர் குறைவு. சரியாகாவிட்டால் உறைதலைத் தடுக்கும் ஏதோ ஒரு பொருள் (தடுப்பான்) இருக்க வாய்ப்பு அதிகம். தடுப்பான் லூபஸ் வகைதான் என்று தெரிந்தாலும், 12 வாரம் கழித்து மறுபடி பார்த்துத்தான் உறுதி செய்வார்கள்.

இதற்கெல்லாம் முன்னால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ரத்தம் எடுக்கும் நீல மூடிக் குழாயில் 9 பங்கு ரத்தத்துக்கு 1 பங்கு சிட்ரேட் (ரத்தம் உறையாமல் வைக்கும் திரவம்) இருக்க வேண்டும். குழாய் பாதிதான் நிரம்பியிருந்தால், நோயே இல்லாமல் நேரம் கூடிக் காட்டும்.

அடுத்த தவறு, த்ராம்பின் என்ற நொதி ரத்தத்தை உறைய மட்டுமே வைக்கும் என்று நினைப்பது. ஃபைப்ரினோஜனைச் சந்தித்தால் அதை ஃபைப்ரின் இழையாக்குவது த்ராம்பின்தான். ஆனால் ரத்தக்குழாயின் உட்சுவரில் உள்ள த்ராம்போமாடுலினோடு சேர்ந்துவிட்டால், அது புரோட்டீன் சி-யைத் தட்டி எழுப்புகிறது. புரோட்டீன் எஸ் துணையோடு அது செயலில் இருக்கும் ஃபேக்டர் 5, 8 இரண்டையும் முடக்கி, உறைதலை நிறுத்துகிறது. நெதர்லாந்தின் லைடன் நகரில் 1994-இல் கண்டறிந்த ஃபேக்டர் 5 லைடன் மாற்றத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியிருக்கும். அதனால் புரோட்டீன் சி-யால் ஃபேக்டர் 5-ஐச் சரியாக வெட்ட முடிவதில்லை.

கல்லீரல் நோயாளிகளுக்கு ஐஎன்ஆர் (INR, உறையும் நேரத்தைக் காட்டும் இன்னொரு அளவு) கூடுதலாக இருப்பதால் ரத்தக்கட்டி வராது என்பதும் இதே வகைத் தவறு. உறைய வைக்கும் புரதங்களோடு, உறைதலைத் தடுக்கும் புரோட்டீன் சி, ஆன்டித்ராம்பின் ஆகியவையும் குறைகின்றன. ஐஎன்ஆர் அந்தக் குறைவைக் காட்டாது.

உறைவு தடுக்கும் மருந்தான வார்ஃபரினைத் தொடங்கும் முதல் சில நாள்கள்தான் எனக்கு மிகவும் கவலை தருபவை. இந்த மாத்திரை வைட்டமின் கே தேவைப்படும் ஃபேக்டர் 2, 7, 9, 10-ஐ மட்டுமல்ல, புரோட்டீன் சி, எஸ் ஆகியவற்றையும் குறைக்கிறது. ஃபேக்டர் 7, புரோட்டீன் சி இரண்டும் சில மணி நேரத்திலேயே தீரத் தொடங்கும். புரோத்ராம்பின் (அதாவது ஃபேக்டர் 2) பாதியாகக் குறையவே இரண்டரை நாள் போல ஆகும். ஃபேக்டர் 7 இறங்கியதால் ஐஎன்ஆர் ஏறிவிடும், ஆனால் உண்மையான பாதுகாப்பு இன்னும் வந்திருக்காது. காலில் ரத்தக்கட்டி உள்ளவருக்கு வார்ஃபரினோடு, உறைவு தடுக்கும் ஹெபாரின் ஊசியைக் குறைந்தது 5 நாள், ஐஎன்ஆர் 2-க்கு மேல் ஒரு நாளாவது நிற்கும்வரை கொடுப்பது இதனால்தான். ‘ஐஎன்ஆர் வந்துவிட்டது, ஊசி வேண்டாம்’ என்று மூன்றாம் நாளே நிறுத்தச் சொல்லிக் கேட்காதீர்கள்.

அப்புறம் கீரை. அதில் வைட்டமின் கே நிறைய இருப்பதால் வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் அதை அடியோடு விட வேண்டியதில்லை. வாரத்துக்கு வாரம் ஏறக்குறைய ஒரே அளவில் சாப்பிட்டால் போதும், மாத்திரை அளவை அதற்கேற்ப வைத்துக்கொள்ளலாம். ஒரு மாதம் தொடாமல் இருந்துவிட்டு திடீரென்று தினமும் சாப்பிடுவதுதான் கணக்கைக் கெடுக்கும்.

கடைசியாக, புரோட்டீன் சி, எஸ் பரிசோதனையைத் தவறான நேரத்தில் எடுப்பது. புதிதாக ரத்தக்கட்டி வந்திருக்கும்போதும், வார்ஃபரின் சாப்பிடும்போதும் இவை குறைந்தே காட்டும். கர்ப்ப காலத்தில் எஸ் இயல்பாகவே குறையும். அந்த ஒரு முடிவை வைத்துப் பரம்பரைக் குறை என்று முத்திரை குத்தினால், குடும்பமே தேவையில்லாமல் பயப்படும். அதற்காகப் பரிசோதனைக்கென்று மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். எப்போது ரத்தம் கொடுப்பது என்பதை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.