மலைச்சரிவில் மழைநீர் சேமிப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோத்தகிரிப் பக்கம் புதிதாக வீடு கட்டுவோர் பலர், மழைநீர் சேகரிப்பு என்றதும் சமவெளியில் பார்த்ததையே இங்கும் செய்யத் தொடங்குகிறார்கள். தொட்டியை மூடி வைப்பது, வலை கட்டுவது போன்றவற்றை எந்தக் கொத்தனாரும் சொல்லிவிடுவார் என்பதால், அவற்றை விட்டுவிடுகிறேன்.

தடுப்புச் சுவருக்கு மேலே உறிஞ்சு குழி

2003 ஆம் ஆண்டு தமிழகம் முழுவதும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டபோது, குழி வெட்டி, ஜல்லியும் மணலும் நிரப்பி, கூரைத் தண்ணீரை நிலத்துக்குள் இறக்கும் முறை எங்கும் பரவியது. தட்டையான நிலத்தில் அதனால் கிணறு ஊறும். சரிவிலோ, ஓரிடத்தில் இறங்கும் தண்ணீர் மண்ணின் கனத்தைக் கூட்டி, அதன் பிடிப்பைத் தளர்த்திவிடும். 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் மண் சரிந்து 40க்கும் மேற்பட்டோர் உயிரிழந்த பிறகும், வீட்டுக்குப் பின்னால் குழி வெட்டச் சொல்லும் ஒப்பந்தக்காரர்களைப் பார்த்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தார், அப்படி ஓர் ஒப்பந்தக்காரரின் பேச்சை நம்பி, சரிவு மண்ணைத் தாங்கி நிற்கும் தடுப்புச் சுவரிலிருந்து சில அடி தூரத்திலேயே குழி வெட்டினார்கள். ஐப்பசி அடைமழையில் சுவரின் நடுப்பகுதி வயிறு தள்ளியது. சுவருக்குப் பின்னால் சேரும் நீர் வெளியேற விட்ட கசிவுத் துளைகளில் தெளிந்த நீருக்குப் பதிலாகச் செம்மண் குழம்பு வழிந்தது. அந்த நேரத்திலாவது கூரைக் குழாயை வேறு பக்கம் திருப்பியிருக்க வேண்டும், யாரும் திருப்பவில்லை. சுவர் இரவோடு இரவாகக் கீழ்வீட்டுக் கேரட் பாத்திக்குள் விழுந்தது. அதை மறுபடி எழுப்ப ஆன செலவில் நல்ல தொட்டிகள் பல கட்டியிருக்கலாம்.

மலையில் கூரைத் தண்ணீரைத் தொட்டியில்தான் பிடிக்க வேண்டும். நிரம்பி வழிவதையும் மண்ணில் விடாமல், குழாய் வழியாகவோ சிமெண்ட் வாய்க்கால் வழியாகவோ ஓடை வரை கொண்டுபோய் விட வேண்டும்.

நிரப்பிய மண்ணில் தொட்டி

5,000 லிட்டர் தொட்டி நிறைந்தால் தண்ணீர் மட்டுமே 5 டன் கனக்கும். நிரப்பிய மண் அந்தக் கனத்தில் அமுங்கிவிடும்; வெட்டியெடுத்த கெட்டித் தரையில் வையுங்கள்.

ஆண்டு மழையைக் கொண்டு அளவு பார்ப்பது

100 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1,000 லிட்டர். சிதறியது போக, 800 லிட்டர் கைக்கு வரும் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் தட்டுப்பாடு வருவது மாசி, பங்குனியில். கூடலூருக்குத் தென்மேற்குப் பருவமழை பெரிது. குன்னூர், கோத்தகிரிக்கு வடகிழக்கு மழைதான் கை கொடுக்கும். ஆகவே கார்த்திகை முடிவில் நிறையும் தொட்டி, வீட்டின் அன்றாடச் செலவுக்கு எத்தனை வாரம் தாங்கும் என்று கணக்கிட்டே அளவை முடிவு செய்ய வேண்டும்.

முதல் மழை

தொட்டிக்குள் விடாதீர்கள், தகரத்தின் தூசும் கற்பூர மர (யூகலிப்டஸ்) இலையின் சாறும் அதில்தான் வரும்.

ஆஸ்பெஸ்டாஸ் கூரை

அதிலிருந்து வரும் தண்ணீர் தோட்டத்துக்கு மட்டும்.

ஏற்கெனவே குழி இருந்தால்

ஐப்பசிக்கு முன்பே கூரைக் குழாயை அதிலிருந்து பிரித்துவிடுங்கள். ஜல்லியை அள்ளிவிட்டு, களிமண் கலந்த மண்ணைச் சிறிது சிறிதாகப் போட்டு இடித்து மூடி, மேற்பரப்பில் தண்ணீர் தேங்காதபடி வாட்டம் கொடுங்கள். சுவரில் புதிதாக விரிசல் தெரிந்தால், மழை நிற்கும் வரை காத்திராமல் கீழ்வீட்டாருக்கு அன்றே சொல்லிவிடுங்கள்.