படகு எண்ணைச் சொன்னதும் கணக்கு வர: இண்டெக்ஸ் போட்டுத் தேடுவது

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபத்தில் எங்கள் மாமா விசைப்படகுகளிடம் இறால் எடுக்கிறார். அன்றன்றைய வரவு தேதி வாரியாக நாளேட்டில் ஏறும், ஆனால் கணக்குக் கேட்டு வருகிறவர் தேதியைச் சொல்ல மாட்டார், "நம்ம 417-க்கு எவ்வளவு நிக்குது?" என்பார், மாமா விரலில் எச்சில் தொட்டு முதல் பக்கத்திலிருந்து புரட்டுவார். தரவுகளைச் சேமித்துத் தேடித்தரும் எஸ்க்யூலைட் என்ற மென்பொருளும், இண்டெக்ஸ் இல்லாத டேபிளில் (அட்டவணையில்) இப்படித்தான் தேடுகிறது. படகு வாரியான பேரேடு ஒன்று பக்கத்தில் இருந்தால் புரட்டவே வேண்டாம். அந்தப் பேரேடுதான் இண்டெக்ஸ்.

முதலில் எஸ்க்யூலைட் கோப்புகளைத் திறந்து வேலை செய்ய உதவும் டிபி பிரவுசர் ஃபார் எஸ்க்யூலைட்டை நிறுவுங்கள், இலவசம்தான். அதில் 'வரவு' என்று ஒரு டேபிள்: ஐடி, தேதி, படகு_எண், ரகம், கிலோ, விலை. பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம். படகு_எண் டெக்ஸ்ட் வகையாகவே இருக்கட்டும், இண்டிஜர் (முழு எண்) என்று போட்டால் 0417 என்று அடித்தது 417 ஆகிவிடும். தேதியையும் டெக்ஸ்டாக, ஆண்டை முன்னால் வைத்து 2025-06-15 என்று எழுதுங்கள், அப்போதுதான் வரிசை சரியாக வரும்.

சரி, இப்போது இண்டெக்ஸ். கட்டளைச் சொற்களை மட்டும் ஆங்கில எழுத்தில் அடியுங்கள்:

கிரியேட் இண்டெக்ஸ் படகு_தேடல் ஆன் வரவு (படகு_எண், தேதி);

அப்புறம் தேடல். ஜூன் 14-ஆம் தேதியோடு மீன்பிடித் தடைக்காலம் முடிந்து கடலுக்குப் போன பிறகு 417 கொண்டுவந்தது மட்டும் வேண்டும் என்றால்:

செலக்ட் * ஃப்ரம் வரவு வேர் படகு_எண் = '417' அண்ட் தேதி >= '2025-06-15';

இதோடு நிறுத்திவிடாதீர்கள். அதே வரிக்கு முன்னால் 'எக்ஸ்பிளெய்ன் கொயரி பிளான்' என்று சேர்த்து ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். 'ஸ்கேன்' என்று வந்தால் டேபிள் முழுக்கப் புரட்டுகிறது, 'சர்ச்' என்று வந்து கூடவே படகு_தேடல் என்ற பெயரும் தெரிந்தால் இண்டெக்ஸ் வழியாகப் போகிறது. உள்ளே இருப்பது பி-ட்ரீ, பேயரும் மெக்ரைட்டும் 1972-ல் வெளியிட்ட அமைப்பு. ஒவ்வொரு கணுவிலும் நிறையக் கிளைகள் பிரிவதால், ஒரு லட்சம் வரி இருந்தாலும் இண்டெக்ஸில் மூன்று நான்கு பக்கம் படித்தாலே இடம் கிடைத்துவிடும்.

எண்ணின் கடைசி இரண்டு இலக்கம்தான் ஞாபகம் இருக்கிறது என்று லைக் '%17' (முன்னால் எது இருந்தாலும் 17-ல் முடிவது) போட்டால் மறுபடி முழுப் புரட்டல்தான், பேரேட்டில் எந்தப் பக்கத்தைத் திறப்பது? படகு எண்ணே இல்லாமல் தேதியை மட்டும் கொடுத்தாலும் இந்த இண்டெக்ஸை நம்ப வேண்டாம், அடிக்கடி அப்படிக் கேட்பார்கள் என்றால் தேதிக்குத் தனியாக ஒன்று போடுங்கள். ரகத்தை வைத்து யாரும் தேடப்போவதில்லை என்றால் அதற்கு வேண்டாம், ஒவ்வொரு வரவு ஏறும்போதும் எல்லா இண்டெக்ஸிலும் எழுதியாக வேண்டுமே.