புவிவெப்பக் கிணறு: செப்பரேட்டர் அழுத்தத்தை எங்கே நிறுத்துவது?

இத்தாலியின் லார்டெரெல்லோவில் பூமியிலிருந்து வெறும் நீராவி வருகிறது. தூசியை நீக்கி நேரே டர்பைனுக்கு விடலாம். 1913-லேயே அங்கே 250 கிலோவாட் நிலையம் ஓடியது. அந்தக் கொடுப்பினை எல்லோருக்கும் இல்லை. நியூசிலாந்தின் வைராக்கேய், கென்யாவின் ஒல்காரியா போன்ற இடங்களில் கொதிநீரும் சேர்ந்தே வரும். செப்பரேட்டரில் அழுத்தத்தைக் குறைத்து ஆவியைப் பிரித்தெடுக்க வேண்டும். எவ்வளவு குறைப்பது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். கிணற்றடியில் 240 டிகிரி நீர், வரத்து வினாடிக்கு 60 கிலோ. நீராவி அட்டவணைப்படி அந்த நீரில் கிலோவுக்கு 1,037 கிலோஜூல் வெப்பம் இருக்கும். செப்பரேட்டரை 7 பாரில், அதாவது காற்றழுத்தத்தைப்போல் ஏறக்குறைய 7 மடங்கில், வைத்தால் (அங்கே நீர் 165 டிகிரியில் கொதிக்கும்) நீர் 697-ஐத் தன்னிடமே வைத்துக்கொள்ளும். மிச்சம் 340. ஒரு கிலோ ஆவியாக 2,066 வேண்டும், வகுத்தால் 0.165. ஆக வினாடிக்குச் சுமார் 10 கிலோ ஆவி கிடைக்கும். இந்த அழுத்தத்தில் ஒரு மெகாவாட்டுக்கு வினாடிக்கு 2 கிலோ ஆவி என்று வைத்தால் 5 மெகாவாட்.

அழுத்தத்தை 2 பாருக்கு இறக்கினால் ஆவி 14.5 கிலோவாக ஏறும். ஆசைப்பட வேண்டாம். டர்பைனை விட்டு வரும் ஆவியைக் குளிர்வித்து நீராக்கும் கண்டென்சர் 0.1 பாரில் இருந்தால், அந்த ஆவியில் ஒவ்வொரு கிலோவும் செய்யும் வேலை ஏறக்குறைய 30 சதவீதம் குறைவு. மின்சாரம் அதே 5 மெகாவாட்டைச் சுற்றித்தான் நிற்கும்.

கூடவே சிலிகா (மணலில் இருக்கும் அதே பொருள்) வரும். 240 டிகிரியில் பாறையோடு இருந்த நீர் கிலோவுக்குச் சுமார் 430 மில்லிகிராம் சிலிகாவைக் கரைத்து வைத்திருக்கும். ஆவி போகப் போக மிச்ச நீரில் அது அடர்த்தியாகும். 7 பாரில் பிரித்தால் சுமார் 520. நீர் 130 டிகிரிக்குக் கீழே போனால்தான் அது படியும், அதுவரை பயமில்லை. 2 பாரில் சுமார் 570. அதன் வரம்பு 140 டிகிரி, நீரோ 120-க்கு வந்தாயிற்று. செப்பரேட்டரிலிருந்தே படிய ஆரம்பிக்கும். வெந்நீர்ப் பாத்திரத்தின் உப்பை வினிகர் கரைத்துவிடும். இது அதற்கெல்லாம் மசியாது. உயரழுத்த நீரைப் பீய்ச்சியோ செதுக்கியோதான் எடுக்க வேண்டும்.

மிச்ச வெந்நீரின் சூட்டில் பென்டேன் என்ற திரவத்தை ஆவியாக்கி டர்பைனைச் சுழற்றும் பைனரி அலகை ஓட்டுவதானாலும் இதே வரம்புதான். அதற்குக் கீழே இறக்கியே ஆகவேண்டுமென்றால் அமிலம் விட்டு pH-ஐ 5-க்கு அருகில் வையுங்கள். படிவு நிற்காது, தாமதமாகும். அதற்குள் நீர் மறுசெலுத்தும் கிணற்றுக்குள் (நீரைத் திரும்பப் பூமிக்குள் விடும் கிணறு) போய்விட வேண்டும். அமிலம் கூடினால் எஃகுக் குழாய் அரிக்கும். மறுசெலுத்தும் கிணற்றில் அழுத்தம் ஏற, ஓட்டம் குறைந்தால் அடைப்பு தொடங்கிவிட்டது.

நீரை ஆற்றில் விட்டுவிடலாமே என்று தோன்றும். 1958-இல் தொடங்கிய வைராக்கேயில் வெகுகாலம் அப்படித்தான் விட்டார்கள். எடுத்த நீர் திரும்பாமல் நிலத்தடி அழுத்தம் குறைந்து, ஓரிடத்தில் தரை 10 மீட்டருக்கும் மேல் இறங்கியது. ஆனால் உற்பத்திக் கிணற்றை ஒட்டியும் செலுத்தக்கூடாது. குளிர்ந்த நீர் திரும்பி வந்து கிணற்றை ஆற்றிவிடும். முதலில் ஃபுளோரசின் சாயத்தை விட்டுப் பாருங்கள். சில நாட்களிலேயே அது உற்பத்திக் கிணற்றில் தலைகாட்டினால் இடத்தை மாற்றுங்கள்.