குறைந்த இடைவெளி எப்போதும் நற்செய்தி அன்று: சோஷலிசத்திலிருந்து சந்தைக்கு மாறிய நாடுகளின் ஆண்–பெண் ஊதியத்தை வாசிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1990-க்கும் 1994-க்கும் இடையில் கிழக்கு ஜெர்மனியில் ஆண், பெண் ஊதியங்களுக்கு இடையிலான இடைவெளி ஏறத்தாழ 10 சதவீதப் புள்ளிகள் குறைந்தது. சோவியத் ஒன்றியம் கலைந்த பின் ரஷ்யாவிலும் உக்ரைனிலும் அது விரிந்தது. இவ்விரு செய்திகளை மட்டும் அருகருகே வைத்துக்கொண்டு, சந்தைப் பொருளாதாரம் ஜெர்மானியப் பெண்களுக்கு நன்மையும் ரஷ்யப் பெண்களுக்குத் தீமையும் செய்தது என்று முடிவு கட்டிவிடுவதுதான் இந்தத் துறையில் அடிக்கடி நிகழும் தவறு, மற்ற பல தவறுகளுக்கு வேரும் அதுவே.

ஊதிய இடைவெளி என்பது வேலையில் இருப்பவர்களை மட்டுமே வைத்துக் கணக்கிடப்படுவது. வேலை இழந்து வீட்டுக்குப் போனவருக்கு ஊதியம் இல்லை. ஆகவே அவர் கணக்கிலும் இல்லை. ஓர் ஆலையில் ஆண்களின் சராசரி மாத ஊதியம் 1,000 மார்க் (ஜெர்மனியின் அக்கால நாணயம்) என்றும், அங்குள்ள மூன்று பெண்கள் முறையே 600, 800, 1,000 மார்க் பெறுகிறார்கள் என்றும் வைத்துக்கொள்வோம். பெண்களின் சராசரி 800, அதாவது ஆண்களின் ஊதியத்தில் 80 சதவீதம். 600 மார்க் பெற்றவரை ஆட்குறைப்பில் வெளியேற்றிவிட்டால் சராசரி 900 ஆகி, விகிதம் 90 சதவீதத்துக்கு ஏறிவிடும். எவருடைய ஊதியமும் ஒரு மார்க்கூட உயரவில்லை. ஆனால் அறிக்கையில் முன்னேற்றம் பதிவாகிவிடும்.

கிழக்கு ஜெர்மனியில் நடந்ததில் கணிசமான பகுதி இதுதான். 1990 ஜூலை 1 அன்று அங்கும் மேற்கு ஜெர்மனியின் மார்க் நாணயமானது. கிழக்கு ஜெர்மனியின் பழைய மார்க்கில் இருந்த ஊதியங்கள் ஒன்றுக்கு ஒன்று என்ற வீதத்தில் மாற்றப்பட்டு, பின்னர் தொழிற்சங்க ஒப்பந்தங்களால் வேகமாக உயர்த்தப்பட்டன. கிழக்கு ஐரோப்பியச் சந்தையை இழந்து நின்ற ஆலைகளால் அந்தச் செலவைத் தாங்க முடியவில்லை. அரசுடைமை நிறுவனங்களைப் பொறுப்பேற்றிருந்த ட்ராய்ஹாண்ட் அமைப்பு அவற்றை விற்றது அல்லது மூடியது. பெண்கள் நிறைந்திருந்த சாக்சனியின் நெசவாலைகள் பெரும் அடி வாங்கின. ஆண்களும் வேலை இழந்தார்கள். ஆனால் வேலையில் இருப்போரின் விகிதம் பெண்களிடையே கூடுதலாகச் சரிந்தது, அப்படி வெளியேறியவர்களில் குறைந்த ஊதியம் பெற்றவர்கள் அதிகம். எனவே, ஊதிய இடைவெளியைக் காட்டும் எந்த வரைபடத்தையும் வேலைவாய்ப்பு விகிதத்தின் வரைபடம் அருகில் இல்லாமல் நம்பக் கூடாது.

ரஷ்யாவில் மாற்றம் வேறு வழியாக வந்தது. 1992 ஜனவரி 2 அன்று விலைக் கட்டுப்பாடுகள் தளர்த்தப்பட்டன. பணவீக்கம் ஊதியத்தின் மதிப்பைத் தின்றது. ஆலைகள் ஆட்களைக் கூட்டமாக அனுப்புவதைவிட, குறைந்த மதிப்புள்ள சம்பளத்தைத் தாமதமாகக் கொடுத்தோ கொடுக்காமலோ அவர்களைப் பட்டியலில் வைத்திருப்பதையே பெரும்பாலும் தேர்ந்தன. ஜெர்மனியில் கணக்கிலிருந்து மறைந்த வகையைச் சேர்ந்த பெண்கள் இங்கே கணக்கில் தொடர்ந்தார்கள் என்பதே ஒப்பீட்டைச் சிக்கலாக்குகிறது.

இதோடு இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நாட்டின் ஊதியங்கள் அனைத்தையும் ஓர் ஏணியாகக் கொண்டால், பெண்கள் நின்ற படி மாறாமலேயே, படிகளுக்கு இடையிலான தூரம் அதிகரிப்பதால் மட்டும் அவர்கள் ஆண்களைவிட வெகு கீழே போய்விட முடியும். ரஷ்யாவில் அந்த ஏணி சில ஆண்டுகளுக்குள் கடுமையாக நீண்டது. இடைவெளி விரிந்தவுடன், முதலாளிகள் திடீரென்று பாகுபாடு காட்டத் தொடங்கிவிட்டார்கள் என்று எழுதுவது எளிது. பாகுபாடு இல்லை என்று நான் சொல்லவில்லை, ஆனால் ஏணியின் நீளத்தைக் கழிக்காமல் அதன் அளவைச் சொல்ல முடியாது.

தொடக்கப் புள்ளியைச் சமத்துவமாகக் கொள்வது அடுத்த தவறு. சோவியத் இதழ்களில் டிராக்டர் ஓட்டும் பெண்களையும், 1963-இல் விண்வெளிக்குப் போன வாலெந்தினா தெரஷ்கோவாவையும் பார்த்து வளர்ந்த தமிழ் வாசகருக்கு இந்த எண்ணம் இயல்பாகவே வரும். சட்டம் சம ஊதியம் சொன்னது; ஆனால் பெண்களின் வருமானம் ஆண்களுடையதில் ஏறத்தாழ 70 சதவீதமாகவே இருந்ததாக மதிப்பீடுகள் காட்டுகின்றன. மருத்துவர்களில் பெரும்பான்மையினர் பெண்கள். சுகாதாரத் துறையின் சராசரி ஊதியமோ தொழில்துறையினுடையதைவிடக் குறைவு. சுரங்கத்திலும் கனரகத் தொழிலிலும் இருந்த ஆண்களுக்கே அரசு தாராளம் காட்டியது.

கல்வி, துறை, பதவி ஆகியவற்றைச் சமன்செய்து, அதாவது இவற்றில் ஒத்திருக்கும் ஆணையும் பெண்ணையும் மட்டும் ஒப்பிட்டுப் பார்த்தால் உண்மை விளங்கிவிடும் என்ற நம்பிக்கையும் ஓரளவே சரி. போலந்து, ஸ்லோவேனியா போன்ற நாடுகளில் வேலையில் உள்ள பெண்கள் ஆண்களைவிடக் கூடுதலாகப் படித்தவர்கள். ஆகவே தகுதிகளைச் சமன்செய்யும்போது இடைவெளி சுருங்குவதற்குப் பதிலாகப் பெரிதாகிறது. துறையைச் சமன்செய்வதில் வேறொரு சிக்கல் உண்டு. சோவியத் காலத்து வங்கிகள் பெண்கள் நிறைந்த, ஊதியம் குறைந்த அலுவலகங்களாக இருந்தன. சந்தை வந்தபின் அங்கு ஊதியம் பாய்ந்தேறியது, ஆண்கள் உள்ளே வந்தார்கள். யார் எந்தத் துறைக்குள் நுழைய முடிந்தது என்பதே கேள்வியாக இருக்கும்போது, துறையைச் சமன்செய்துவிட்டால் கேள்வியே காணாமல் போகிறது.

எந்த ஊதியம் என்பதையும் கவனிக்க வேண்டும். மாத ஊதியமும் மணிக்கணக்கு ஊதியமும் ஒரே இடைவெளியைத் தருவதில்லை. சம்பள பாக்கி பெருகியிருந்த 1990-களின் ரஷ்யாவில், ஒப்பந்தத்தில் எழுதிய தொகை ஒன்று, கைக்கு வந்தது வேறொன்று. ஐரோப்பிய ஒன்றியத்தின் புள்ளியியல் அலுவலகமான யூரோஸ்டாட்டின் இன்றைய எண்களோ 10 பேருக்குக் குறைவானோர் பணிபுரியும் நிறுவனங்களைப் பொதுவாகச் சேர்ப்பதில்லை.

கடைசியாக, “முன்னாள் சோஷலிச நாடுகள்” என்று எல்லாவற்றையும் ஒரே கூடையில் போடுவது. 2022-இல் எஸ்டோனியாவின் இடைவெளி 20 சதவீதத்துக்கு மேல், ருமேனியாவுடையது 5 சதவீதத்துக்குக் கீழ். இந்த எண்களைக் கண்டு ருமேனியாவைப் பாராட்டும் முன், முதலில் சொன்ன கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்: எஸ்டோனியப் பெண்களின் வேலைவாய்ப்பு விகிதம் ஐரோப்பிய ஒன்றியத்தில் உயர்ந்தவற்றுள் ஒன்று, ருமேனியப் பெண்களுடையது மிகத் தாழ்ந்தவற்றுள் ஒன்று.