மகனின் மூக்கில் இரத்தம் நின்ற விதம்

நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரி வந்தால் விடியற்காலையில் புல்லெல்லாம் உறைபனியாக வெளுத்திருக்கும். அந்த நாட்களில்தான் என் ஏழு வயது மகனுக்கு மூக்கால் இரத்தம் வரும். தலையணை உறையில் காய்ந்த பழுப்புக் கறையைப் பார்த்தாலே எனக்கு நெஞ்சு பதறும்.

எங்கள் லயத்தில், அதாவது தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில், எல்லோரும் செய்வதுபோல நானும் தலையை அண்ணாந்து பிடிக்கச் சொன்னேன். அது தவறு. இரத்தம் தொண்டைக்குள் இறங்கி, பிள்ளை வாந்தி எடுத்தான். தோட்டத்து மருந்தகத்தில் இருந்த அக்காதான் சரியான முறையைக் காட்டினார். நிமிர்ந்து உட்கார்ந்து, கொஞ்சம் முன்னால் குனிந்து, மூக்கின் எலும்புக்குக் கீழேயுள்ள மெத்தென்ற பகுதியை இரண்டு விரலால் இறுக்கிப் பிடிக்க வேண்டும். பத்து நிமிடம். நடுவில் விட்டு எட்டிப் பார்க்கவே கூடாது, நான் முன்பு அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

மூக்கின் நடுச்சுவரின் முன்பகுதியில் மெல்லிய இரத்த நாளங்கள் நிறைய உண்டு. வறண்ட குளிர்காற்றில் அங்கே பொருக்குத் தட்டும். பிள்ளை நோண்டுவான், உடைந்துவிடும். அடுப்புப் புகையும் சளியும் சேர்ந்தால் இன்னும் மோசம். அதனால் நகத்தை ஒட்ட வெட்டினேன். இரவில் படுக்குமுன் மூக்கின் உள்விளிம்பில் வாஸ்லின் லேசாகத் தடவுகிறேன். இரண்டு வாரத்தில் கறை நின்றது.

இருபது நிமிடம் பிடித்தும் நிற்காவிட்டாலோ, தலையில் அடிபட்டு வந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். காய்ச்சலோடு வந்தால் டெங்குவாகவும் இருக்கலாம், அன்றே காட்டிவிடுங்கள்.