மின் இணைப்பு இல்லாத கிராமத்து வீட்டில் குளிர்காலம்: முதல்முறை தங்குவோருக்கான செய்முறை

மின் இணைப்பே இல்லாத வீட்டில் குளிர்காலத்தைக் கழிக்கலாம் என்று முடிவெடுத்தவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை சோலார் பேனல் வேண்டும்?" என்றுதான். அதைக் கடைசியாகக் கேளுங்கள் என்பேன். முதலில் வீட்டுக்குள் இருக்கும் சூடு வெளியே போகாமல் பார்க்க வேண்டும். அடுத்தது விறகு, அதற்கடுத்தது தண்ணீர். மின்சாரம் அதற்குப் பிறகு.

காரணம் எளிய கணக்கு. 1500 வாட் ஹீட்டர் ஒரு மணி நேரம் ஓடினால் 1500 வாட்-மணி செலவாகும். 9 வாட் எல்இடி பல்பு தினமும் 5 மணி நேரம் எரிந்தால் ஒரு நாளைக்கு 45 வாட்-மணி. அந்த ஒரு மணி நேர ஹீட்டர் சூட்டுக்கு ஒரு பல்பை ஒரு மாதத்துக்கு மேல் எரிக்கலாம். மறுபக்கம், நன்றாகக் காய்ந்த ஒரு கிலோ விறகில் சுமார் 4 கிலோவாட்-மணி வெப்பம் இருக்கிறது. ஆகவே சூட்டை விறகிடம் கேளுங்கள், வெளிச்சத்தைச் சூரியனிடம் கேளுங்கள்.

வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே போகும் இடங்களை மனதில் வைத்து எழுதுகிறேன். வேலையைக் கோடை தொடங்கும் முன்பே ஆரம்பித்துவிட வேண்டும்.

படி 1: ஒரே ஒரு அறையைத் தேர்ந்தெடுங்கள்

வீடு முழுவதையும் சூடாக்கப் பார்க்காதீர்கள். அடுப்பு இருக்கும் அறை, அதை ஒட்டிய ஓர் அறை, அவ்வளவு போதும். படுக்கையை அங்கேயே கொண்டுவந்துவிடுங்கள். மற்ற கதவுகளை மூடி, கீழிடுக்கில் துணிச்சுருள் வையுங்கள்.

அடுத்து, காற்று புகும் இடங்களைத் தேட வேண்டும். காற்று பலமாக அடிக்கும் நாளில், அடுப்பு அணைந்திருக்கும்போது, கதவு ஜன்னல் எல்லாவற்றையும் மூடிவிட்டு ஓர் ஊதுபத்தியைக் கொளுத்துங்கள். ஜன்னல் சட்டத்தின் ஓரமாக, கதவின் அடியில், குழாயும் வயரும் சுவரைத் துளைத்துப் போகும் இடத்தில், பரணுக்கு ஏறும் மூடியைச் சுற்றி மெதுவாக நகர்த்துங்கள். நேராக மேலே போகும் புகை எங்கே சட்டென்று வளைகிறதோ அங்கே ஓட்டை இருக்கிறது. சாக்பீஸால் குறித்துக்கொண்டே போங்கள். திறந்து மூடும் பகுதிகளுக்கு ஃபோம் பட்டை, அசையாத இடுக்குகளுக்கு சிலிக்கான் பூச்சு. ஜன்னலின் உட்பக்கம் கண்ணாடிக்குச் சற்றுத் தள்ளித் தெளிவான பிளாஸ்டிக் தாள் ஒட்டினால், நடுவே அடைபடும் காற்றே நல்ல தடுப்பாகிவிடும். கையில் பணம் குறைவாக இருந்தால் முதலில் கூரைக்கு அடியில் வெப்பக்காப்பு போடுங்கள். சூடான காற்று மேலே ஏறி அங்கேதான் தேங்கும்.

ஆனால் வீட்டை டப்பா போல அடைத்துவிடக் கூடாது. அடுப்பு எரியக் காற்று வேண்டும், உங்களுக்கும் வேண்டும். மூச்சு, சமையல், உலரப் போட்ட துணி எல்லாம் சேர்ந்து ஜன்னலில் நீர் கோத்து நிற்கும். விட்டால் பூஞ்சை பிடிக்கும். தினமும் இரண்டு வேளை ஐந்து நிமிடம் ஜன்னலை அகலத் திறந்துவிடுங்கள். காற்று மாறிவிடும், சுவரில் ஏறிய சூடு அவ்வளவு சீக்கிரம் போய்விடாது.

படி 2: விறகு

குளிர்காலம் நன்றாகக் கழிவதும் கழியாததும் இங்கேதான் தீர்மானமாகிறது. வெட்டிய உடனே மரத்தின் எடையில் கிட்டத்தட்ட பாதி தண்ணீராக இருக்கலாம். அதை எரித்தால் வெப்பத்தில் பெரும்பங்கு தண்ணீரை ஆவியாக்கவே போய்விடும். அறை சூடாகாது, புகை மட்டும் வரும். அந்தப் புகை குளிர்ந்த புகைபோக்கியின் உட்சுவரில் தார் போலப் படியும். கிரியோசோட் எனப்படும் அந்தப் படிவு தீப்பிடித்தால் புகைபோக்கியோடு கூரையும் போய்விடும்.

விறகில் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். முதலில் பிளந்துவிட்டுப் பிறகு அடுக்குங்கள். பட்டை மூடிய உருண்டைக் கட்டை உள்ளே ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தரையில் படாமல் கீழே கட்டை கொடுத்து, காற்று அடிக்கும் பக்கமாக அடுக்கி, மேலே மட்டும் மூடுங்கள். நாலு பக்கமும் தார்ப்பாய் சுற்றினால் ஈரம் உள்ளேயே புழுங்கும். மென்மரம் ஒரு முழுக் கோடையில் காய்ந்துவிடக்கூடும். ஓக் போன்ற வன்மரத்துக்கு இரண்டு ஆண்டுகள்கூட ஆகும்.

காய்ந்ததா என்று எப்படித் தெரியும்? கட்டையின் முனையில் வெடிப்புகள் ஓடியிருக்கும், பட்டை தானாகக் கழலும், இரண்டு கட்டைகளை மோதினால் 'டங்' என்று ஒலிக்கும். ஈரக்கட்டை 'தொப்' என்றுதான் சொல்லும். ஈரமானி இருந்தால் கட்டையைப் புதிதாகப் பிளந்து, உள்முகத்தில் ஊசியைக் குத்திப் பாருங்கள். வெளிமுகம் எப்போதும் காய்ந்ததாகவே காட்டும்.

எவ்வளவு வேண்டும்? உங்கள் அறைகள் சராசரியாக 3 கிலோவாட் வெப்பத்தை இழக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 72 கிலோவாட்-மணி. அடுப்பின் திறன் 70 சதவீதம் என்றால் ஒரு கிலோ விறகிலிருந்து அறைக்கு வருவது 2.8 கிலோவாட்-மணி. அப்படியானால் நாளொன்றுக்கு 26 கிலோ. 120 நாட்களுக்கு மூன்று டன்னுக்கு மேல். படி 1-இல் இழப்பைப் பாதியாக்கினால் வெட்டி, பிளந்து, சுமக்க வேண்டியதும் பாதியாகிவிடும். ஓட்டை அடைப்பதை முதலில் வைத்தது இதற்குத்தான்.

தீ மூட்டும்போது பெரிய கட்டைகளை அடியில் வைத்து, அதன்மேல் சிறியது, உச்சியில் சிராய். தீயை உச்சியில் வையுங்கள். மேலிருந்து கீழே இறங்கும் தீ புகையைக் குறைக்கும். காற்றுத் திறப்பை முழுக்கத் திறந்து நன்றாகப் பிடித்தபின் மெல்லக் குறையுங்கள். இரவு முழுவதும் புகைந்துகொண்டு இருக்கட்டும் என்று காற்றை ஒரேயடியாக அடைக்காதீர்கள். கிரியோசோட் அதிகம் படிவது அப்போதுதான். பருவம் தொடங்கும் முன் புகைபோக்கியைக் கட்டாயம் சுத்தம் செய்யுங்கள், நடுவிலும் ஒருமுறை பாருங்கள். அள்ளிய சாம்பலை மூடியுள்ள இரும்பு வாளியில் போட்டு வீட்டுக்கு வெளியே, மரத்தில் படாத இடத்தில் வையுங்கள். சாம்பலுக்குள் கங்கு சில நாட்கள்கூட உயிரோடு இருக்கும்.

அடுப்பு சரியாக எரியாதபோது உண்டாகும் நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. படுக்கும் இடத்துக்கு அருகே பேட்டரியில் ஓடும் எச்சரிக்கைக் கருவி இல்லாமல் ஒரு இரவுகூடத் தூங்காதீர்கள். வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, குமட்டல் என்றால் காரணம் தேடிக்கொண்டு நிற்காமல் உடனே வெளியே போய்விடுங்கள்.

படி 3: தண்ணீர்

உறையும்போது தண்ணீரின் கன அளவு சுமார் 9 சதவீதம் கூடும். குழாய் வெடிப்பது அதனால்தான். வெளிக்குழாயை அந்த ஊரில் மண் உறையும் ஆழத்துக்குக் கீழே புதையுங்கள். வீட்டுக்குள் தாழ்வான இடத்தில் ஒரு வடிகால் வால்வு வையுங்கள். வெளியூர் போகும்போது மொத்தத்தையும் வடித்துவிட்டுப் போகலாம். குழாய் உறைந்துவிட்டால் தண்ணீர் வரும் வாயைத் திறந்து வைத்து, அந்த வாய்ப் பக்கத்திலிருந்து வெந்நீர்த் துணியால் சுற்றிச் சுற்றி இளக்குங்கள். நெருப்பைக் காட்டாதீர்கள்.

குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டராவது சூடான அறைக்குள் இருப்பில் இருக்கட்டும். பனியை உருக்குவதானால் பாத்திரத்தின் அடியில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக்கொண்டு பனியைப் போடுங்கள், இல்லையென்றால் அடி தீயும். புதுப்பனி பத்து லிட்டர் உருகினால் சுமார் ஒரு லிட்டர்தான் கிடைக்கும். கொதி வந்தபின் ஒரு நிமிடம், 2000 மீட்டருக்கு மேலான உயரத்தில் மூன்று நிமிடம் கொதிக்கவிட்டால் கிருமி சாகும்.

படி 4: மின்சாரம்

ஒவ்வொரு கருவியும் எத்தனை வாட், எத்தனை மணி நேரம் என்று எழுதுங்கள். 24 மணி நேரமும் ஓடும் 10 வாட் ரூட்டர் 240 வாட்-மணி எடுக்கும். மேலே சொன்ன பல்புகள் ஐந்தைவிட அதிகம். சும்மா நிற்கும் இன்வெர்ட்டரே 20 வாட் எடுத்தால் ஒரு நாளைக்கு 480. விளக்கையும் போன் சார்ஜரையும் 12 வோல்ட்டிலேயே நேராக ஓட்டி, இன்வெர்ட்டரைத் தேவைப்படும்போது மட்டும் போடுங்கள்.

பேனல் கணக்கை ஆண்டின் இருண்ட மாதத்துக்குப் போட வேண்டும். தேவை 600 வாட்-மணி, கிடைப்பது 1.5 மணி நேர முழு வெயிலுக்குச் சமம், இழப்பு 30 சதவீதம் என்றால் 600 வாட் பேனல் வேண்டும். மூன்று மூட்டமான நாட்களுக்குத் தாங்க 1800 வாட்-மணி. லெட்-ஆசிட் பேட்டரியில் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது, எனவே 12 வோல்ட் 300 ஆம்பியர்-மணி. பேனலைப் பூமத்திய ரேகைப் பக்கம் திருப்பி, அட்சரேகையோடு 15 பாகை கூட்டிச் சாய்த்தால் குளிர்காலச் சூரியனுக்குப் பொருந்தும், பனியும் வழுக்கி விழும்.

பலர் கவனிக்காத ஒன்று: குளிரில் பேனலின் வோல்ட்டேஜ் கூடும், 25 டிகிரிக்குக் கீழே ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.3 சதவீதம். திறந்த சுற்றில், அதாவது எதனோடும் இணைக்காதபோது, 46 வோல்ட் காட்டும் இரண்டு பேனல்களைத் தொடராக இணைத்தால் 92. மைனஸ் 15 டிகிரி விடியலில் அது 103 ஆகிவிடும். பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவே சார்ஜைக் கட்டுப்படுத்தும் சார்ஜ் கன்ட்ரோலர் 100 வோல்ட் வரம்புள்ளதாக இருந்தால் அங்கேயே போய்விடக்கூடும். வாங்கும் முன்பே இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியைப் பூஜ்யத்துக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது. உள்ளே லித்தியம் படிந்து நிரந்தரமாகக் கெடும். லெட்-ஆசிட் முழுசார்ஜில் கடுங்குளிரையும் தாங்கும், ஆனால் காலியாகக் கிடந்தால் மைனஸ் 10 டிகிரி அளவிலேயே உறைந்து உடையும். சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வெளியேறும், அதனால் காற்றோட்டமும் தேவை. ஜெனரேட்டர் வைத்திருந்தால் வீட்டிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி, புகைவாய் வீட்டைப் பார்க்காதபடி வையுங்கள். கராஜுக்குள், கதவைத் திறந்து வைத்தும்கூட, ஓட்டாதீர்கள்.

படி 5: ஒத்திகை

பனி விழ ஆரம்பிக்கும் முன், குளிர் இறங்கிய இரண்டு இரவுகள் அந்த வீட்டிலேயே தங்குங்கள். ஜெனரேட்டரைத் தொடாதீர்கள், வெளியிலிருந்து எதுவும் வாங்கி வராதீர்கள். விடிகாலையில் அறையின் வெப்பநிலை, எரிந்த விறகின் எடை, பேட்டரியின் வோல்ட்டேஜ், செலவான தண்ணீர் நான்கையும் எழுதிக்கொள்ளுங்கள். விறகு கணக்கைவிட அதிகம் போனால் ஊதுபத்தியோடு மறுபடி சுவரைச் சுற்றுங்கள். பேட்டரி இறங்கிவிட்டால் பேனல் கூட்டும் முன் கருவிப் பட்டியலைத் திரும்பப் பாருங்கள். சாலை திறந்திருக்கும்போதே இதையெல்லாம் சரிசெய்துவிடலாம்.